இருப்பு விதியை யார் எழுதுவது?

எந்த உழவர் குழுவுக்குப் போனாலும் இப்போது மென்பொருள் பேச்சுதான். 2020-இல் ஒன்றிய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன்பிறகு சின்னச் சின்னக் குழுக்கள்கூட கணக்கையும் சரக்கையும் கணினியில் ஏற்ற ஆரம்பிச்சிருக்கு. நல்லதுதான். நான் அதற்கு எதிரி இல்லை. திருவொற்றியூரில் இயற்கை உழவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு கடையில் இருப்புக் கணக்குப் பார்ப்பவன் நான். மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பக்கத்து உழவர்களின் நெல்லும் பயறும் எண்ணெயும் இங்கே வருது. அவர்களுக்குத் தேவையான விதையும் இடுபொருளும் இங்கிருந்து போகுது. கணினி இல்லாமல் இதைச் சமாளிக்க முடியாது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லணும். எந்தப் பொருளை, எப்போது, எவ்வளவு வாங்கி அடுக்குவது என்ற விதியை மென்பொருள் விற்பவரோ, கணினியில் உட்காருகிற ஒரு பையனோ எழுதக்கூடாது. அதை உழவர்கள் கூடி, பொருள் பொருளாக உட்கார்ந்து எழுதணும். ஏனென்றால் அந்த ஒரு வரி விதிதான் யாருடைய நெல்லைக் கொள்முதல் செய்வது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்கிறது. அதைத் தொழில்நுட்ப வேலை என்று ஒதுக்கிவிட்டால், நம் கடையில் நமக்கே பேச்சு இல்லாமல் போகும்.

மென்பொருளுக்குத் தெரிந்த கணக்கு

டேலி, ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ என்று எதை எடுத்தாலும் உள்ளே இருக்கிற கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பொருளுக்கு ஒரு 'மறுகொள்முதல் அளவு' வைக்கலாம். இருப்பு அந்த அளவுக்குக் கீழே இறங்கியதும் 'வாங்கு' என்று கணினி சொல்லும். அந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வாரத்தில் எவ்வளவு விற்குது, சொல்லிவிட்டால் சரக்கு வந்துசேர எத்தனை வாரம் ஆகும், இரண்டையும் பெருக்கு. கைகாவலுக்குக் கொஞ்சம் கூட்டு. வாரம் 20 கிலோ விற்று, சரக்கு வர ஒரு வாரம் ஆகி, கைகாவலுக்கு 10 கிலோ என்றால் 30 கிலோ. அவ்வளவுதான்.

இந்தக் கணக்கின் வேர் எங்கே இருக்குன்னு பார்க்கணும். ஒரு தடவைக்கு எவ்வளவு செய்தால் செலவு குறையும் என்ற புகழ்பெற்ற சூத்திரத்தை 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதினார். தொழிற்சாலையில் எந்திரப் பாகங்களை ஒரு தடவைக்கு எத்தனை செய்வது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. எந்திரப் பாகத்தை வண்டு தின்னாது. அது முளைப்புத்திறன் இழக்காது. சொன்ன வாரத்தில் இன்னும் 100 செய்து தரலாம். அந்த உலகத்துக்கு அந்தக் கணக்கு சரி.

யூரியா மூட்டைக்கும் அது பொருந்தும். ஆலை ஆண்டு முழுக்க ஓடும். 45 கிலோ மூட்டை எங்கே போனாலும் அதே 45 கிலோ மூட்டை. 2018 மார்ச் முதல் நாடு முழுக்க உரக்கடைகளில் விற்பனைக் கருவி வந்துவிட்டது. உழவர் ஆதாரைக் காட்டி மூட்டை வாங்கிய பிறகுதான் நிறுவனத்துக்கு மானியம் போகும். எந்த மாவட்டத்தில் எத்தனை மூட்டை இருக்குன்னு தலைநகரில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஒரே மாதிரிப் பொருளுக்கு ஒரே மாதிரி விதி.

நம்ம பொருள் அப்படியா? மாப்பிள்ளை சம்பா வயலில் ஐந்து மாதம் நிற்கும். காட்டுயானம் ஆறு மாதம். பூங்கார் மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். ஜீவாமிர்தத்தைக் கலக்கினால் ஒரு வாரத்துக்குள் வயலில் ஊற்றியாகணும். இதற்கெல்லாம் ஒரே சூத்திரத்தைப் போட்டால் என்ன ஆகும்?

இல்லாததை விற்கவில்லை என்று எழுதிய கணினி

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் நடந்தது. மென்பொருளை அமைத்துக் கொடுத்தவர்கள் 'தொடர்ந்து 90 நாள் விற்காத பொருளை நகராத சரக்காகக் குறி; கொள்முதல் பட்டியலிலிருந்து எடு' என்று ஒரு விதி போட்டுவிட்டுப் போனார்கள். சாதாரணக் கடைக்கு இது நியாயமான விதிதான். அந்தக் குழுவில் காட்டுயானம் அரிசி நன்றாக ஓடி, செப்டம்பரிலேயே தீர்ந்துபோச்சு. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் கடையில் ஒரு கிலோகூட இல்லை. இல்லாத பொருள் எப்படி விற்கும்? கணினிக்கு அது புரியவில்லை. மூன்று மாத விற்பனை பூஜ்யம் என்று பார்த்து, காட்டுயானத்தை நகராத சரக்கு ஆக்கிவிட்டது.

பிப்ரவரியில் அறுவடை முடித்த ஓர் உறுப்பினர் அம்மா 20 மூட்டையோடு பேச வந்தபோது பட்டியலில் அந்த ரகமே இல்லை. கடைப்பையன் திரையைக் காட்டிவிட்டான். அடுத்த கூட்டத்தில் சண்டை போட்டு அதைத் திரும்பச் சேர்த்தார்கள். அதற்குள் கடன் நெருக்கியதால் அவர் 12 மூட்டையைச் சாதா நெல் விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிட்டார். ஆறு மாதம் ரசாயனம் போடாமல், களைக்கு ஆள் விட்டுக் காத்து நின்ற பயிர். யாரும் அவரை ஏமாற்றவில்லை. ஒரு விதி மட்டும் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. இருப்பு இல்லாத நாட்களை விற்பனைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அந்த நாட்களில் வந்து கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர்களை ஒரு நோட்டில் எழுதணும். 'காட்டுயானம், 2 கிலோ, இல்லைன்னு சொன்னோம்.' அந்த நோட்டுதான் உண்மையான தேவை. கணினியில் அதற்கு இடம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

காசிமேட்டு மீனும் சொர்ணவாரியும்

நம்ம பகுதியிலேயே இன்னும் தெளிவான உதாரணம் இருக்கு. மீன் அமிலம். மீன் கழிவும் வெல்லமும் சம எடை, காற்றுப் புகாமல் மூடி 21 நாள். பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி. வடசென்னையில் இதற்குக் கச்சாப்பொருள் காசிமேடு துறைமுகம்தான். மீன் வெட்டுகிற பெண்களிடம் சொல்லி வைத்தால் கழிவு கிடைத்துவிடும்.

ஆனால் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகும் ஃபைபர் படகும் போகும் என்றாலும் வரத்து சுருங்கிவிடும். கழிவும் குறையும், விலையும் ஏறும்.

இப்போது வயலைப் பாருங்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரிப் பட்டத்துக்கு ஏப்ரல், மே மாதங்களில் விதைப்பு. மே, ஜூனில் தூர்கட்டும். மீன் அமிலம் அதிகம் கேட்பது அப்போதுதான். மீன் இல்லாத அதே 61 நாளில்தான் மீன் அமிலத்துக்குக் கிராக்கி.

கணினியின் சூத்திரம் இங்கே என்ன செய்யும்? மார்ச், ஏப்ரலில் விற்பனை குறைவு. எனவே 'இருப்பு போதும்' என்று பேசாமல் இருக்கும். மே கடைசியில் விற்பனை எகிறும். இருப்பு இறங்கும். உடனே 'வாங்கு, வாங்கு' என்று கத்தும். காசிமேட்டில் மீன் இருக்காது. தடைக்காலம் முடிந்து, படகுகள் போய்த் திரும்பி, கழிவு வாங்கி, 21 நாள் ஊறி வெளியே வரும்போது ஜூலை. பயிர் கதிர் தள்ள ஆரம்பிச்சிருக்கும். உழவர் என்ன செய்வார்? பக்கத்து உரக்கடையில் ஒரு மூட்டை யூரியாவைத் தூக்கிக்கொண்டு போவார். இயற்கை வேளாண்மைக்கு மாறி முதல் வருஷம் நிற்கிற உழவரை இப்படித்தான் நாம் இழக்கிறோம். கொள்கை பேசி ஆயிரம் கூட்டம் போட்டாலும், கேட்ட நாளில் கையில் சரக்கு இல்லையென்றால் எல்லாம் வீண்.

எனவே மீன் அமிலத்துக்கு விற்பனையைப் பார்த்து விதி எழுதக்கூடாது. விதைப்பு ஏக்கரைப் பார்த்து எழுதணும். பிப்ரவரி கடைசியில் உறுப்பினர்களிடம் சொர்ணவாரி எத்தனை ஏக்கர் என்று கேளுங்கள். 60 ஏக்கர் என்று வையுங்கள். ஏக்கருக்கு ஒரு தெளிப்புக்கு 10 டேங்க், அதாவது 1 லிட்டர். மூன்று தெளிப்பு என்றால் 180 லிட்டர். அவ்வளவுக்கும் மார்ச் முடிவதற்குள் மீன் ஊறப்போட்டாகணும். கணினியில் போடவேண்டிய விதி ஒரே வரி: 'மார்ச் 1 அன்று நினைவூட்டு.' அதற்குமேல் கணக்கு நம்முடையது.

பொருளுக்குப் பொருள் வேறு விதி

நம் பொருட்களை நான்கு வகையாகப் பிரித்தால் பெரும்பாலான சிக்கல் தீரும் என்பது என் கருத்து.

முதல் வகை, வருஷம் ஒருமுறை விளைந்து வருஷம் முழுக்க விற்பது. மரபு நெல் இதில் வரும். இதற்கு மறுகொள்முதல் அளவே கிடையாது. தீர்ந்தால் அடுத்த அறுவடைதான். வாரம் 20 கிலோ ஓடும் ஓர் அரிசிக்கு வருஷத்துக்கு 1,040 கிலோ வேணும். தீட்டாத அரிசியாக, அவலாக என்று எப்படி எடுத்தாலும் நெல்லில் அறுபது சொச்சம் விழுக்காடுதான் தேறும் என்று வைத்தால், ஏறத்தாழ 1,700 கிலோ நெல். 75 கிலோ மூட்டையில் சுமார் 23. இந்த 23 மூட்டையை யார் யார் விளைவிப்பது என்று ஆடி விதைப்புக்கு முன்பே பேசி முடிக்கணும். கொள்முதல் முடிவு விதைக்கும் நாளில் எடுக்கப்படுகிறது, அறுக்கும் நாளில் அல்ல.

இங்கே இன்னொரு கேள்வி: எந்த உருவில் வைப்பது? நெல்லாக வைத்தால் உமி காக்கும். தவிட்டோடு அரிசியாக வைத்தால், அதுவும் வடசென்னையின் உப்புக்காற்றில், சீக்கிரம் வண்டும் சிக்கு வாடையும் வந்துவிடும். ஆகவே நெல்லாக உழவர் வீட்டிலோ ஊர்க் கிடங்கிலோ இருப்பு. மாதத்துக்கு 140 கிலோ போல அரைத்துக் கடைக்கு. குதிரும் பத்தாயமும் வைத்திருந்த நம் பாட்டிகள் செய்தது இதைத்தான். நெல் சேமிப்பில் இருக்கும், அரிசி அன்றன்றைக்குக் குத்துவது. மென்பொருளில் நெல்லுக்கு ஒரு பெயர், அரிசிக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாகப் போட்டால் இந்த விதி அப்படியே உட்காரும்.

இரண்டாம் வகை, குறிப்பிட்ட காலத்தில் கச்சாப்பொருள் அற்றுப்போவது. மீன் அமிலம் ஓர் உதாரணம். வேப்பங்கொட்டை இன்னொன்று. அது உதிர்கிற மாதங்களில் பொறுக்கிக் காயவைக்காவிட்டால் அடுத்த வருஷம்தான். இவற்றுக்கு நாள்காட்டிதான் விதி.

மூன்றாம் வகை, சொன்னால் மட்டும் செய்வது. ஜீவாமிர்தம், அமுதக்கரைசல் போன்றவை. இருப்பு என்பதே பூஜ்யமாக இருக்கணும். கணினி இதற்குக் 'குறைந்த இருப்பு' என்று சிவப்பு காட்டினால் அந்த எச்சரிக்கையை அணைத்துவிடுங்கள். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா பொட்டலங்களை இந்த வகைக்குப் பக்கத்தில் வைக்கலாம். தூள் வடிவத்துக்குச் சுமார் ஆறு மாதமே உயிர். சலுகை விலைக்குக் கிடைக்குதேன்னு வாங்கி அடுக்கினால் கடைசியில் உழவருக்குக் கரித்தூள்தான் கொடுப்போம். பட்டம் பார்த்து, முன்பதிவு பார்த்து வாங்குவதே சரி.

நான்காம் வகை, வாராவாரம் வந்து வாராவாரம் போவது. கீரை, காய்கறி, முட்டை, செக்கு எண்ணெய். இங்கே மட்டும் கணினியின் சூத்திரத்தைத் தாராளமாக ஓட விடலாம். அது நம்மைவிட நன்றாகவே செய்யும்.

இவை எல்லாவற்றுக்கும் வெளியே ஒன்று இருக்கு. விதை. ஒவ்வொரு மரபு ரகத்திலும் ஒரு குறைந்தபட்ச விதை நெல் விற்பனைக்கே வரக்கூடாது. பஞ்சத்திலும் விதைக்கோட்டையைப் பிரிக்காத மரபு நம்முடையது. மென்பொருளில் 'விதைக்கோட்டை' என்ற பெயரிலேயே தனிக் கிடங்கு ஒன்றை உருவாக்குங்கள். அதிலிருந்து எடுக்கக் குழுவில் இரண்டு பேர் ஒப்புதல் தரணும் என்று பூட்டுப் போடுங்கள். ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்குள் இருக்கா, முளைப்பு 80 விழுக்காட்டுக்குக் குறையலையா என்று பார்த்த தேதியையும் அதிலேயே ஏற்றுங்கள்.

வெளியேற்றும் விதி இல்லாத கிடங்கு

வாங்குவதற்கு விதி எழுதுகிற எல்லோரும், வெளியேற்றுவதற்கு எழுத மறந்துவிடுகிறோம். வடசென்னைக்காரர்களுக்கு இதன் விலை தெரியும். 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் 37 கன்டெய்னர்களில் மணலியில் ஒரு சரக்குப் பெட்டகக் கிடங்கில் கிடந்தது. ஐந்து வருஷம். பல நாடுகளில் உரமாகப் பயன்படுவது. வெடிமருந்துக்கும் அதுதான் மூலம். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அதே மாதிரிக் கிடந்த 2,750 டன் வெடித்து 200 பேருக்கு மேல் செத்த பிறகுதான் இங்கே அவசர அவசரமாக ஏலம் முடித்து ஹைதராபாத்துக்கு லாரி ஏற்றினார்கள். உள்ளே வந்த தேதி ஏட்டில் இருந்தது. எந்தத் தேதிக்குள் வெளியே போகணும், யார் பொறுப்பு என்ற பதில்தான் இல்லை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் மக்கள் மூச்சு முட்டி எழுந்து ஓடினார்கள். கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு. ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனை போனார்கள். எவ்வளவு அம்மோனியா வரணும், எங்கே வைக்கணும் என்று முடிவெடுத்த எந்தக் கூட்டத்திலும் அந்தக் குப்பத்து மீனவர் உட்கார்ந்ததில்லை. சுமை மட்டும் அவர்களுடையது.

நம்ம கடையில் விஷவாயு கிடையாது. ஆனால் கேள்வி ஒன்றுதான்: இருப்பின் சுமையை யார் சுமக்கிறார், அவருக்கு முடிவில் பங்கு உண்டா? கடை 'இருப்பைக் குறை' என்று விதி போட்டால், இருப்பு மாயமாகிவிடாது. உழவர் வீட்டுத் திண்ணைக்குப் போகும். எலியும் வண்டும் வட்டியும் அவருக்கு. இதை ஒப்புக்கொண்டு விதி எழுதணும். உழவர் வீட்டில் நெல் இருக்கும் காலத்துக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று காப்புக்கூலி கொடுக்கலாம். பாதி விலையை முன்பணமாகத் தரலாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொடுக்கலாம். நுகர்வோரிடம் மூன்று மாத அரிசிக்கு முன்பதிவு வாங்கினால் அந்தப் பணமே இதற்குப் போதும்.

வெளியேற்றும் விதியும் பக்கத்திலேயே இருக்கட்டும். முதலில் கெடுவது முதலில் போகணும். முதலில் வந்தது அல்ல. காலாவதிக்கு 60 நாள் முன் விலை குறை. 15 நாள் முன் உறுப்பினர்களுக்குக் கொடு. அதுக்கப்புறம் மாட்டுக்கோ உரக்குழிக்கோ. தேதியும் பொறுப்பாளர் பெயரும் கணினியில் இருக்கணும்.

மழைக்காலமும் விதியில் வரணும். 2023 மிக்ஜாம் புயலில் வடசென்னை எப்படி மூழ்கியது என்று மறக்க முடியாது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசிவரை நகரக் கடையில் இரண்டு வாரச் சரக்குக்கு மேல் வேண்டாம்; தரைமட்டத்தில் எதுவும் வேண்டாம்; மீதி ஊர்க் கிடங்கில் இருக்கட்டும்.

'நோட்டே போதாதா?'

சில மூத்த தோழர்கள் கேட்கிறார்கள்: 'இவ்வளவு பார்க்கணும்னா மென்பொருள் எதுக்கு? நோட்டே போதுமே.' நான் உடன்படவில்லை. இந்த விதிகளெல்லாம் இன்று பல குழுக்களில் ஒரே ஒருவர் மண்டைக்குள் இருக்கு. அவர் படுத்துவிட்டால் கடை படுத்துவிடும். விதியை எழுதி, நாள் தவறாமல் நினைவூட்டி, யார் மாற்றினாலும் தடம் வைப்பதற்குக் கணினி ரொம்ப நல்ல வேலையாள். அந்த வேலையாளிடம் முதலாளித்துவத்தைக் கொடுக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

விதி தமிழில் இருக்கணும். ஒரு பக்கத்துக்குள் இருக்கணும். கடைச் சுவரில் ஒட்டியிருக்கணும். 'கணினி அப்படித்தான் சொல்லுது' என்ற பதிலை எந்த உழவரிடமும் சொல்லக்கூடாது. எந்த விதி, எந்தக் கூட்டத்தில் எடுத்தது என்று காட்டத் தெரியணும்.

ஆடி விதைப்புக்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். கடையின் முழுப் பொருள்பட்டியலை அச்செடுத்து எல்லோர் கையிலும் கொடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் நாலு கேள்வி: எப்போது கிடைக்கும்? எவ்வளவு நாள் தாங்கும்? எந்த உருவில், எங்கே வைப்பது? தேங்கினால் யார் சுமப்பது? பதிலை எழுதி, கையெழுத்துப் போட்டு, அப்புறம் கணினிப் பையனைக் கூப்பிடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, பட்டம் மாறும்போது, திரும்பவும் எடுத்துப் பாருங்கள். ஒருநாள் வேலைதான். அதைச் செய்த குழுவில், அறுவடை முடித்து மூட்டையோடு வருகிற எந்த உழவரும் திரையைப் பார்த்துத் திரும்பிப் போகவேண்டியிருக்காது.